புயல் அடித்த ஊருக்கு நிவாரண வேலைக்குக் கிளம்பும் மதுரைப் பிள்ளைகளுக்கு

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் கரையேறியது. 19ஆம் தேதி காலை நாங்கள் பதினோரு பேர் ஒத்தக்கடையில் ஒரு குட்டியானை லோடு வண்டியில் ஏறி, மதியத்துக்கு மேல் பட்டுக்கோட்டைப் பக்கம் போய் இறங்கினோம். கையில் நாலு அரிவாள், வாடகைக்கு எடுத்த மரம் அறுக்கும் மெஷின் ஒன்று, பழைய துணி மூன்று மூட்டை. யாரையும் கேட்கவில்லை. கண்ணில் பட்ட தோப்பில் இறங்கி, சாய்ந்து கிடந்த தென்னைகளை இருட்டுவதற்குள் துண்டு போட்டு வரப்போரம் அடுக்கிவிட்டோம். தோப்புக்காரப் பெரியவர் அன்று வீட்டில் இல்லை. மறுநாள் வந்தார். மரக்குவியலைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். "எண்ணிட்டுப் போயிட்டாங்களா தம்பி?" என்று கேட்டார்.

யாரும் எண்ணியிருக்கவில்லை. விழுந்த தென்னைக்கு அப்போது அரசு அறிவித்த தொகை மரத்துக்கு 600 ரூபாய், வெட்டி அகற்ற 500 ரூபாய், ஆக 1,100. துண்டு துண்டாகக் கிடப்பதைப் பார்த்து எத்தனை மரம் என்று வி.ஏ.ஓ. (கிராம நிர்வாக அலுவலர்) எப்படி எழுதுவார்? அடிமரக் குழிகளை எண்ணி, பக்கத்துத் தோப்புக்காரர்களைச் சாட்சிக்கு அழைத்து, மூன்று நாள் அலைந்து ஒருவழியாகக் கணக்கு ஏறியது. சில மரங்கள் விட்டும் போயின. அவர் எங்களை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அதே ஊருக்கு 2019 பொங்கல் விடுமுறையில் முறைப்படி கேட்டுக்கொண்டு மறுபடியும் போனோம். 2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு தாமிரபரணிக் கரைக்கும், 2024 ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு விழுப்புரம் பக்கமும் போய்வந்தோம். ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒன்றில் முட்டிக்கொண்டுதான் கற்றோம். நீங்கள் அதே சுவரில் முட்ட வேண்டியதில்லை.

1. எப்போது கிளம்புவது

புயல் அடித்த வாரம் போகாதீர்கள். அந்த வாரம் தேசியப் பேரிடர் மீட்புப் படைக்கும், தீயணைப்புத் துறைக்கும், மின்வாரியத்துக்கும் உரியது. கஜாவில் லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. வெளி மாவட்டங்களிலிருந்தெல்லாம் மின் ஊழியர்கள் வந்து வேலை பார்த்தார்கள். கம்பம் ஏற்றி வந்த லாரி நிற்க, ஒற்றை வழிச் சாலையில் எங்கள் குட்டியானை குறுக்கே நின்றதை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது. தண்ணீரே கிடைக்காத ஊரில் பதினோரு வாய் கூடுதலாகப் போய் உட்கார்ந்தது வேறு.

வெளியாட்கள் வரத்து மூன்றாவது வாரத்தில் குறையும், ஒரு மாதத்தில் நின்றேவிடும். ஆனால் அப்போதுதான் கூரை போட, குழி வெட்ட, வாய்க்கால் தூர்வார ஆள் தேவைப்படும். இழப்பீட்டுக் கணக்கெடுப்பும் பெரும்பாலும் அதற்குள் முடிந்திருக்கும்.

நம் பக்கத்துக் கல்லூரிப் பிள்ளைகளுக்கு இதில் ஒரு வசதியும் இருக்கிறது. தானே 2011 டிசம்பர் 30, ஒக்கி 2017 நவம்பர் கடைசி, கஜா நவம்பர் நடு, ஃபெஞ்சல் 2024 நவம்பர் 30. பெரிய புயல்கள் பலவும் செமஸ்டர் தேர்வு நேரத்தில்தான் வருகின்றன. தேர்வை விட்டுவிட்டு ஓடாதீர்கள். வீட்டில் வரும் சண்டையில் அடுத்த வருடமும் விடமாட்டார்கள். தேர்வை எழுதுங்கள். புயலுக்கு இரண்டு வாரம் கழித்து இரண்டு பேர் மட்டும் போய்ப் பார்த்து வரட்டும். குழுவாகப் போவதைப் பொங்கலை ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. புயலோடு வெள்ளமும் வந்து வீட்டுக்குள் சேறு ஏறியிருந்தால் காத்திருக்க முடியாது. சேறு காய்ந்தால் கல்லாகிவிடும். 2023இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது, தாமிரபரணிக் கரை வீடுகளில் இடுப்பளவு நின்ற தண்ணீர் வடிந்ததும் சேறு தங்கிவிட்டது. அதை அள்ள இரண்டாவது வாரமே போனோம். அங்கேயும் கேட்டுக்கொண்டுதான் போனோம்.

2. எந்த ஊர்

ஒரே ஒரு ஊரைப் பிடியுங்கள். பத்து ஊரில் பத்து வேலையைத் தொட்டுவிட்டு வருவதைவிட ஒரு தெருவில் ஆறு கூரையை முழுதாகப் போட்டுவிட்டு வரலாம்.

முன்கூட்டிப் போகும் இருவரில் ஒருவர் நன்றாகப் பேசுபவராகவும் இன்னொருவர் நன்றாக எழுதுபவராகவும் இருக்கட்டும். போனதும் பார்க்க வேண்டியவர்கள்: ஊராட்சிச் செயலர், வி.ஏ.ஓ., பள்ளித் தலைமை ஆசிரியர், மகளிர் சுய உதவிக் குழுத் தலைவி. கஜா சமயத்தில் உள்ளாட்சித் தேர்தல் நடக்காமலே கிடந்ததால் ஊராட்சித் தலைவர் என்று யாரும் இல்லை. "நான்தான் முன்னாள் தலைவர்" என்று மூன்று பேர் வந்தார்கள், மூவரும் மூன்று பட்டியல் கொடுத்தார்கள். தலைவர் இல்லாத காலத்தில் ஊராட்சிச் செயலர் கையில்தான் பதிவேடு இருக்கும். ஆனால் எந்த வீட்டில் யார் நிஜமாகவே திண்டாடுகிறார்கள் என்பது மகளிர் குழுத் தலைவிக்குத்தான் தெரியும். நான் இப்போதெல்லாம் முதலில் அந்த அக்காவைத்தான் தேடுவேன்.

எல்லாரிடமும் தவறாமல் ஒரு கேள்வி கேளுங்கள்: "ரோடு முடிகிற இடத்துக்கு அப்புறம் வீடு இருக்கா?" நிவாரண வண்டிகள் மெயின் ரோட்டோடு நின்றுவிடும். ரோட்டோரத்து வீட்டுக்கு நாலு தார்ப்பாய் கிடைத்திருக்கும். உள்ளே ஒரு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் காலனிக்கு ஒன்றுகூடப் போயிருக்காது. "அங்கெல்லாம் எல்லாம் கிடைச்சிருச்சு தம்பி" என்று யாராவது சொன்னால், கட்டாயம் நடந்து போய் நீங்களே பார்த்துவிட்டு வாருங்கள்.

எந்தப் பகுதிக்கு ஆள் தேவை என்று முதலில் தெரிந்துகொள்ள, மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறை எண் 1070. மதுரையிலிருந்து 1077 அடித்தால் மதுரை மாவட்டத்துக்குத்தான் போகும். வெளி மாவட்டத்துக்கு அந்த ஊரின் எஸ்.டி.டி. குறியீட்டை முன்னால் சேர்த்து அடியுங்கள்.

3. காகிதங்கள்

பெரும்பாலானவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான். தயார் செய்ய ஒரு வாரம் ஒதுக்குங்கள். செலவு ஜெராக்ஸ் காசு மட்டுமே.

முதலில் ஆள் பட்டியல். பெயர், வயது, ரத்த வகை, வீட்டுத் தொலைபேசி எண், ஏதாவது நோய் உண்டா, நீச்சல் தெரியுமா. இதை ஒரே தாளில் அடித்து ஐந்து பிரதி எடுங்கள். ஒன்று வீட்டாரிடம், ஒன்று கல்லூரியில், ஒன்று போகும் ஊரின் காவல் நிலையத்தில், மீதி பையில். ஒவ்வொருவரின் ஆதார் நகலும் கல்லூரி அடையாள அட்டை நகலும் கூடவே இருக்கட்டும். 18 வயது நிரம்பாதவர்களைச் சேர்க்காதீர்கள், எவ்வளவு கெஞ்சினாலும். மற்றவர்களுக்குச் சட்டப்படி தேவையில்லை என்றாலும், வீட்டில் ஒருவர் கையெழுத்திட்ட ஒப்புதல் கடிதம் வாங்குங்கள். எங்கள் குழுவில் ஒருவன் "பிரெண்டு கல்யாணம்" என்று சொல்லிவிட்டு வந்து, இரண்டாம் நாள் அவன் அப்பா காவல் நிலையத்துக்கே போய்விட்டார்.

அடுத்தது கல்லூரிக் கடிதம். நாட்டு நலப்பணித் திட்டத்தில் இருந்தால் ஊரைவிட்டுக் கிளம்புவதற்கு முன்பே திட்ட அலுவலரிடம் எழுதிக் கொடுங்கள். அந்தத் திட்டத்தில் வருடத்துக்கு 120 மணி நேரம் சேவை செய்ய வேண்டும். முன்கூட்டி அனுமதி இருந்தால் இந்த வேலையை அந்தக் கணக்கில் சேர்க்கக் கேட்கலாம். போய்வந்த பிறகு கேட்டால் கையை விரித்துவிடுவார்கள். நாங்கள் முதல் தடவை அப்படித்தான் விட்டோம்.

மூன்றாவது, மாவட்ட ஆட்சியருக்கு மனு. நீங்கள் போகிற மாவட்டத்தின் ஆட்சியருக்கு, நம் ஊர் ஆட்சியருக்கு அல்ல. நகல் வட்டாட்சியருக்கும் வட்டார வளர்ச்சி அலுவலருக்கும். மனு ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. எத்தனை பேர், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, எந்த ஊராட்சி, என்ன வேலை, வண்டி எண், பொறுப்பாளர் கைப்பேசி எண். அப்புறம் ஒரு வரி, இதை மறக்கவே மறக்காதீர்கள்: "உணவு, தங்குமிடம், போக்குவரத்து ஆகியவற்றை நாங்களே ஏற்பாடு செய்துகொள்கிறோம்." இந்த வரி இல்லாதபோது ஒரு அலுவலகத்தில் எங்களை மூன்று முறை திருப்பி அனுப்பினார்கள். இந்த வரியோடு போன நான்காம் முறை பத்து நிமிடத்தில் கையெழுத்தானது. இருபது பேருக்குச் சோறு போட வேண்டுமோ என்ற பயம்தான் அவர்களுக்கு.

மனு கொடுக்கத் திங்கட்கிழமை போகாதீர்கள். எல்லா ஆட்சியர் அலுவலகத்திலும் அன்று மக்கள் குறைதீர் கூட்டம். நூற்றுக்கணக்கான மனுக்களோடு உங்களுடையதும் கலந்து, எண் போட்டுத் துறைக்குப் போய்விடும். புதன், வியாழனில் பேரிடர் மேலாண்மைப் பிரிவில் நேரில் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். முத்திரை விழுந்த அந்த நகல்தான் வழியில் போலீஸ் நிறுத்தினால் காட்ட, பள்ளியில் தங்க இடம் கேட்க, எல்லாவற்றுக்கும்.

இன்னும் நேரம் இருக்கிறது, அடுத்த புயலுக்குத்தான் தயாராகிறோம் என்பவர்கள் பேரிடர் காலத் தொண்டர்களுக்கு அரசு தரும் ஆப்த மித்ரா பயிற்சி பற்றி விசாரியுங்கள். முன்பு நடந்த தொகுதிகளில் 18 முதல் 40 வயது வரை உள்ளவர்களுக்கு 12 நாள் பயிற்சி, அடையாள அட்டை, மீட்புக் கருவிப் பை, காப்பீடு கொடுத்தார்கள். மதுரையில் அடுத்த தொகுதி உண்டா, எப்போது என்று ஆட்சியர் அலுவலகத்திலோ தீயணைப்பு நிலையத்திலோ கேளுங்கள். இளைஞர் தொண்டர்களுக்கான மத்திய அரசின் மை பாரத் தளத்தில் பெயரைப் பதிந்து வைப்பதற்கும் செலவில்லை.

4. ஊசியும் காப்பீடும்

கிளம்ப ஒரு வாரம் முன்பாவது டி.டி. ஊசி போட்டுக்கொள்ளுங்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். பெரிய ஆஸ்பத்திரி வரிசையில் நிற்கத் தேவையில்லை. எங்களில் ஒருவன் போன இரண்டாம் நாளே கூரையிலிருந்து விழுந்த சட்டத்தில் இருந்த துருப்பிடித்த ஆணியை மிதித்தான். ஊசிக்காக அவனை பைக்கில் பத்து கிலோமீட்டர் கூட்டிப் போனதில் இரண்டு பேரின் ஒரு நாள் வேலை போயிற்று.

வெள்ளத் தண்ணீரில் இறங்கும் வேலையென்றால் எலிக்காய்ச்சலுக்கு முன்தடுப்பு மாத்திரை தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள். கடையில் நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். காலில் புண் இருப்பவரைச் சேற்றில் இறக்காதீர்கள்; அவருக்குக் கணக்கு எழுதும் வேலை கொடுங்கள்.

காப்பீட்டுக்கு, உங்கள் வங்கிக் கணக்கிலேயே பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டத்தில் சேரலாம். வருடத்துக்கு 20 ரூபாய். விபத்தில் மரணமோ முழு ஊனமோ நேர்ந்தால் 2 லட்சம், பகுதி ஊனத்துக்கு 1 லட்சம். ஆண்டுக் கணக்கு ஜூன் 1 முதல் மே 31 வரை. மருத்துவமனைச் செலவை இது கொடுக்காது, அதனால் கைச்செலவுக்குத் தனியாக 10,000 ரூபாயாவது தொடாமல் வைத்திருங்கள்.

5. பணம்

எங்கள் 2019 பொங்கல் பயணத்தின் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். 14 பேர், 6 நாள். பஸ்ஸுக்கு ஆளுக்குப் போக வர 350 வீதம் 4,900. சாமான் ஏற்றிய குட்டியானை இரண்டு நடை 9,000. சாப்பாடு ஆளுக்கு நாளைக்கு 120 வீதம் 10,080. கருவிகள் 8,500. மெஷின்காரர் மூன்று நாள் கூலி 4,500. உள்ளூர்த் தச்சர்கள் இருவருக்கு ஐந்து நாள் 9,000. மருந்து 1,200. சில்லறை 2,000. மொத்தம் 49,180. இன்றைய விலைவாசிக்கு இதில் பாதியையாவது கூட்டிக்கொள்ளுங்கள். இது ஆட்களும் வேலையும் மட்டும். கீற்று, சவுக்குக் கம்பு, கட்டுக்கம்பி எல்லாம் தனிக் கணக்கு.

வசூலில் பொறிகள் உண்டு. உங்கள் சொந்த ஜி-பே எண்ணைப் போட்டு "உதவுங்கள்" என்று வாட்ஸாப்பில் அனுப்பாதீர்கள். முன்பின் தெரியாதவர்களிடமிருந்து சின்னச் சின்னத் தொகையாக வந்து குவியும். அதில் ஒன்று ஏதாவது மோசடிப் புகாரில் சிக்கிய பணமாக இருந்தால் உங்கள் கணக்கையே முடக்கிவிடுவார்கள். அந்தக் கணக்கில்தான் உங்கள் கல்வி உதவித்தொகையும் வந்துகொண்டிருக்கும்.

இதற்காகச் சங்கம் பதிவு செய்யலாம் என்று யாராவது கிளம்புவார்கள். ஏழு பேர், விதிமுறைகள், வருடாவருடம் கணக்குத் தாக்கல். ஆறு நாள் வேலைக்கு அது வேண்டாத வம்பு. ஏற்கெனவே பதிவான ஒரு அறக்கட்டளை வழியாகவோ கல்லூரி வழியாகவோ வாங்குங்கள். 80ஜி ரசீது கேட்பவர்களிடம் ஒன்றைச் சொல்லிவிடுங்கள்: ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் அந்த வரிச்சலுகை கிடைக்காது, வங்கி வழியாக அனுப்பச் சொல்லுங்கள்.

எங்களுக்கு நன்றாகக் கைகொடுத்த வழி வேறு. தேவையான பொருளின் பட்டியலையும் கடைக்காரரின் வங்கிக் கணக்கையும் நன்கொடையாளரிடம் கொடுத்துவிடுவோம். அவர் நேரே கடைக்கே அனுப்புவார். பில் அவர் பெயரிலேயே வரும். காசு நம் கையில் படாது, சந்தேகமும் வராது. முடிந்தவரை அந்தக் கடையும் புயல் அடித்த ஊரின் கடையாகவே இருக்கட்டும். கீழ மாசி வீதி மொத்தக் கடையில் அரிசி கொஞ்சம் மலிவுதான். ஆனால் ஒரு மாதமாக வியாபாரமே இல்லாமல் உட்கார்ந்திருக்கும் அந்த ஊர் மளிகைக்காரரும் புயலில் அடிபட்டவர்தானே.

6. எதைக் கொண்டு போவது

பழைய துணி வேண்டாம். வேண்டவே வேண்டாம். நாங்கள் கொண்டுபோன மூன்று மூட்டையையும் பிரித்துப் பார்த்த அக்கா ஒருவர் அதிலிருந்து ஒரே ஒரு போர்வையை எடுத்துக்கொண்டார். மீதி சாலையோரக் குவியலில் சேர்ந்தது. அங்கே ஏற்கெனவே பல ஊர் மூட்டைகள் மழையில் நனைந்து நாறிக்கொண்டிருந்தன.

கருவிதான் வேண்டும். மண்வெட்டி, கடப்பாரை, அரிவாள், இரும்புச் சட்டி, ரம்பம், சுத்தியல், கொறடு, ஏணி, நைலான் கயிறு, கட்டுக்கம்பி, அளவு டேப். மூன்று பேருக்கு ஒரு மண்வெட்டி போதும். ஒருவர் வெட்ட, ஒருவர் அள்ள, ஒருவர் மூச்சு வாங்க. கருவி ஒவ்வொன்றிலும் பெயின்டால் ஒரு வட்டம் போடுங்கள், ஊர்க்காரர் மண்வெட்டியோடு கலந்துவிட்டால் பிரிக்க முடியாது. ஆளுக்கு ஒரு ஜோடி தடித்த கையுறையும் கணுக்கால் மூடும் ஷூவும் கட்டாயம். செருப்போடு வருபவரை மாட்டுத்தாவணியிலேயே இறக்கி விடுங்கள். டார்ச், பவர் பேங்க், கொசுவத்தி, ஓ.ஆர்.எஸ். பொட்டலம், அவரவர் தட்டு, டம்ளர்.

7. பயணம்

ஆட்கள் பஸ்ஸில், சாமான் லோடு வண்டியில். இதைப் பிரித்தே வையுங்கள். குட்டியானையின் பின்னால் ஆளை ஏற்றுவது சட்டப்படி தப்பு. விபத்து நடந்தால் காப்பீடு கைகொடுக்கும் என்று நம்ப முடியாது. நாங்கள் பதினோரு பேர் அப்படிப் போய்த் திரும்பி வந்தது எங்கள் அதிர்ஷ்டம். வேன் எடுத்தால் மஞ்சள் போர்டு வண்டியாகப் பாருங்கள். தெரிந்தவரின் வெள்ளை போர்டு வண்டிக்கு வாடகை பேசாதீர்கள். டிரைவர் பேட்டா, டோல், இரவுத் தங்கல் எல்லாம் சேர்த்தா, சேர்க்காமலா என்பதை ஏறும் முன்பே எழுதி வாங்குங்கள்.

8. முதல் நாள்: எதையும் தொடாதீர்கள்

போய் இறங்கியதும் கை பரபரக்கும். அன்று முழுதும் நடந்து பார்ப்பதும் எழுதுவதும்தான் வேலை.

ஒவ்வொரு வீட்டிலும் கேளுங்கள்: கணக்கெடுப்பு முடிந்ததா, வி.ஏ.ஓ. வந்தாரா, புகைப்படம் எடுத்தார்களா, பணம் ஏறியதா. கஜாவில் முழுதாக விழுந்த குடிசைக்கு 10,000 ரூபாய் என்றும், பகுதி சேதத்துக்கு 4,100 என்றும் இருந்தது. நீங்கள் சாய்ந்த சுவரைத் தள்ளிச் சுத்தம் செய்துவிட்டால் முழுச் சேதமா, பகுதிச் சேதமா என்று பிறகு யார் சொல்வது? கணக்கு முடியாத வீட்டில் கை வைக்காதீர்கள். அவசரமாக அகற்றியே ஆக வேண்டுமென்றால் வீட்டுக்காரரையும் நிற்க வைத்து நாலு பக்கமும் படம் எடுத்து, அவர் கைப்பேசிக்கே அனுப்பி, வி.ஏ.ஓ.விடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் செய்யுங்கள். மரம் வெட்டினால் வெட்டும் முன் எண்ணி, உரிமையாளரிடம் ஒரு துண்டுத் தாளிலாவது கையெழுத்து வாங்குங்கள்.

பலருக்கு ஆதார், ரேஷன் அட்டை, பட்டா நகல் எல்லாம் தண்ணீரோடு போயிருக்கும். லேப்டாப்பும் பொறுமையும் உள்ள இரண்டு பேரை இதற்கென்றே ஒதுக்குங்கள். இ-சேவை மையத்துக்குக் கூட்டிப் போவது, விண்ணப்பம் எழுதுவது, எண்ணைக் குறித்துக் கொடுப்பது. சுவர் எழுப்பியது போலப் படம் எடுத்துக் காட்ட முடியாது, அதனால் யாரும் இந்த வேலைக்கு வரமாட்டேன் என்பார்கள். ஆனால் 2023இல் நாங்கள் செய்ததிலேயே உருப்படியானது இதுதான் என்று நினைக்கிறேன்.

9. வேலை

முதலில் மின்சாரம். அறுந்து கிடக்கும் கம்பி எதையும், உயிரில்லை என்று ஊரே சொன்னாலும், லைன்மேன் வந்து சொல்லும்வரை தொடாதீர்கள். மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987. வீட்டுக்கு வீடு ஜெனரேட்டர் ஓடும் நேரத்தில் செத்த கம்பியிலும் மின்சாரம் திரும்பி வரலாம்.

தென்னை. மரம் அறுக்கும் மெஷினை நீங்கள் ஓட்டாதீர்கள், உள்ளூர் மெஷின்காரருக்குக் கூலி கொடுங்கள். வேரோடு சாய்ந்த மரத்தின் தண்டை வெட்டியதும் வேர்ப்பகுதி படாரென்று குழிக்குள் திரும்ப விழும். குழியருகே குழந்தைகள் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். ஒருவர் அவர்களை விரட்டிக்கொண்டே இருக்க வேண்டும், அதுவும் ஒரு வேலைதான். துண்டுகளைத் தோப்பிலேயே மக்க விடாதீர்கள், காண்டாமிருக வண்டு அதில்தான் முட்டை வைக்கும். புயலுக்குத் தப்பிய மரங்களை அது தின்னும்.

பொங்கல் சமயத்தில் போனால் மறு நடவுக்குக் குழி வெட்டலாம். டிசம்பர், ஜனவரி தென்னை நட ஏற்ற மாதங்கள். 25 அடிக்கு ஒரு குழி, நீளம் அகலம் ஆழம் மூன்றும் மூன்றடி. கேட்க எளிதாக இருக்கும். கல்லூரிப் பிள்ளைகள் இரண்டு பேருக்கு ஒரு குழிக்கு அரை நாள் ஆனது. ஊர்ப் பெரியவர் ஒருவர் காலைக் காப்பிக்கு முன் ஒன்று முடித்தார். கன்று எந்த ரகம் என்பதில் நீங்கள் மூக்கை நுழைக்காதீர்கள். பட்டுக்கோட்டை, மன்னார்குடி வட்டாரத்துக்காரர்களுக்கு வேப்பங்குளம் தென்னை ஆராய்ச்சி நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது. குட்டை ரகம் மூன்று நாலு வருடத்தில் காய்க்கும், நெட்டைக்கு ஆறேழு வருடமாகும். எதற்குக் காத்திருப்பது என்பது அவர்கள் குடும்பக் கணக்கு.

கூரை. நாம் கிடுகு என்போம், அங்கே கீற்று. சொல் மாறினால் கடையில் விலையும் மாறும் என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். கட்டுவது கைப்பழக்கம், நமக்கு வராது. உள்ளூர்க் கூரைக்காரருக்கும் தச்சருக்கும் கூலி கொடுத்து அமர்த்துங்கள், நீங்கள் எடுத்துக் கொடுங்கள், ஏணியைப் பிடியுங்கள். இலவசமாக வேலை செய்கிறோம் என்று அவர்கள் பிழைப்பில் மண் போடக் கூடாது. நீங்கள் கவனிக்க வேண்டியது சில: கூரையைத் தாங்கும் கால்கள் இரண்டரை, மூன்றடி ஆழம் இறங்கியிருக்கின்றனவா, மூலைகளில் குறுக்குக் கம்பு இருக்கிறதா, கூரைச் சட்டத்தைக் காலோடு கம்பியால் இறுக்கிக் கட்டியிருக்கிறார்களா. காற்று கூரையை அமுக்குவதில்லை, கீழிருந்து பிடுங்கும். கடலோரத்தில் பழைய மீன்வலையைக் கூரைமேல் போர்த்தி ஓரங்களில் கனம் கட்டுவார்கள். கேட்டால் வலை தருவார்கள்.

உடைந்த சிமென்ட் ஷீட்டை ரம்பத்தால் அறுக்காதீர்கள், சுத்தியலால் நொறுக்காதீர்கள். அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது, துணி மாஸ்க்கும் தடுக்காது. தண்ணீர் தெளித்து, முழுத் துண்டாகவே எடுத்து ஓரமாக வையுங்கள்.

கிணற்றில் பிளீச்சிங் பவுடரை ஒரு குத்துமதிப்பாகக் கொட்டுகிற ஆட்கள் எல்லாக் குழுவிலும் உண்டு. சுகாதார ஆய்வாளரைக் கூப்பிடுங்கள். இறைத்துச் சுத்தம் செய்வது உங்கள் வேலை, மருந்து அளப்பது அவர் வேலை.

ஓலைக் குவியலைக் கையால் தூக்கும் முன் கம்பால் புரட்டுங்கள். பாம்பு கடித்தால் வெட்டுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் வேண்டாம்; ஆளை நடக்க விடாமல் 108இல் அரசு மருத்துவமனைக்கு.

10. தங்குவது

அரசுப் பள்ளியோ சமுதாயக் கூடமோ கேட்டால் கிடைக்கும், ஆனால் அங்கே இன்னும் முகாமில் மக்கள் இருந்தால் கேட்கவே கேட்காதீர்கள். பெண்கள் குழுவில் இருந்தால், முன்கூட்டிப் போகும் இருவரில் ஒருவர் பெண்ணாக இருப்பது நல்லது. கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா, தண்ணீர் வருகிறதா, இரவில் விளக்கு உண்டா என்பதையெல்லாம் பையன்கள் பார்க்காமல் "எல்லா வசதியும் இருக்கு" என்று சொல்லிவிடுவார்கள். நாங்கள் சொன்னோம். வந்த தங்கச்சிகள் நாலு பேரும் மகளிர் குழு அக்கா வீட்டில்தான் ஆறு நாளும் தங்கினார்கள்.

சமைக்க ஒருவரை ஊரிலேயே கூலிக்கு அமர்த்துங்கள். வீட்டில் கூப்பிட்டுச் சாப்பிடச் சொன்னால் ஒரு வாய் காப்பி குடியுங்கள், மறுத்தால் மனசு கஷ்டப்படுவார்கள். சாப்பாட்டுக்கு மட்டும் போகாதீர்கள். குழந்தைகளைக் கட்டிப்பிடித்துப் படம் எடுத்துப் போடுவது, அழுகிற பாட்டியை வீடியோ எடுப்பது, இதெல்லாம் கூடாது என்று கிளம்பும் முன்பே குழுவில் சொல்லிவிடுங்கள்.

11. கிளம்பும் நாள்

கடைசி நாளில் புது வேலை தொடங்காதீர்கள். பாதிக் கூரையோடு விட்டுவிட்டு வந்த வீடு ஒன்று எங்கள் கணக்கிலும் உண்டு. அடுத்த மழைக்கு முன் இரண்டு பேர் திரும்பிப் போய் முடித்துக் கொடுத்தார்கள், பஸ் காசு அவர்கள் கையிலிருந்து.

செய்த வேலை, செலவான தொகை, மீதி எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி ஊராட்சிச் செயலரிடம் ஒன்று, மகளிர் குழுவிடம் ஒன்று கொடுங்கள். பில்களின் படத்தை நன்கொடை கொடுத்தவர்களுக்கு ஒரு வாரத்துக்குள் அனுப்பிவிடுங்கள். சான்றிதழ் வேண்டுமென்றால் கிளம்பும் முன்பே, மணி நேரக் கணக்கோடு, தலைமை ஆசிரியரிடமோ ஊராட்சிச் செயலரிடமோ எழுதி வாங்குங்கள். மதுரைக்கு வந்து தபாலில் கேட்டு நாங்கள் ஏழு மாதம் காத்திருந்தோம்.

கருவிகளைத் திருப்பிக் கொண்டு வராதீர்கள். அந்தப் பெரியவர் தோப்பில் எங்கள் மஞ்சள் வட்டம் போட்ட கடப்பாரை இன்னும் இருக்கிறது. போன மாதம் போனில் பேசியபோது, குழி வெட்டி வைத்த கன்றுகளில் இரண்டு பாளை விட்டிருக்கிறது என்றார்.